வெள்ளை அடித்த பற்கள்

“ஏதாவது ஒண்ணுன்னா மறைக்காம சொல்லுவீங்கல்ல?”

“உன்கிட்ட நான் எதை மறைச்சிருக்கேன்?”

“சொல்லிட்டீங்கன்னா பயிற்சியாவது பதவி உயர்வாவது, அடுத்த வண்டி பிடிச்சு வந்துடுவேன்.”

“வர வேண்டியிருக்காது. நான் பாத்துக்கறேன். நீ ஏறு முதல்ல.”

ரயில் நிலையத்தில் ஒரு மாதத்துக்கு முன் நடந்த பேச்சு இது. இரண்டு வயது மகளை மடியில் மல்லாத்தி, அவள் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்திருந்த இந்தக் காலை வேளையில், ஒரு வார்த்தை விடாமல் டச்சப்பின் காதில் அது திரும்ப ஓடியது. மகளின் முன்பற்கள் இரண்டிலும், ஈறை ஒட்டி, பழுப்பாக ஒரு கோடு இருந்தது.

டச்சப் என்பது அவன் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டுடியோவில் வைத்த பெயர். பருவை அழிப்பது, வழுக்கையில் முடி நடுவது, சண்டை போட்டுக்கொண்டு வந்த மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒட்டி நிற்க வைப்பது எல்லாம் அவன் கைவேலை. மகளுக்கு அவன் வைத்த செல்லப்பெயர் முயல். அந்த இரண்டு முன்பற்களுக்காகத்தான்.

முதலில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தான். துணியால் துடைத்தான், போகவில்லை. பிரஷ்ஷால் தேய்த்தான், போகவில்லை. சமையல் சோடாவை விரலில் தொட்டுத் தேய்த்தான். முயல் அவன் விரலைக் கடித்துவிட்டு ஊரைக் கூட்டியது. அன்றிலிருந்து பிரஷ்ஷைப் பார்த்தாலே வாயைப் பூட்டிக்கொண்டது.

மத்தியானம் மனைவியிடமிருந்து செய்தி வந்தது. “முயல் சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. இங்க தலையே வெடிக்குது. நாளைக்குப் பரீட்சை.”

கைபேசியில் முயல் சிரிக்கும் படம் இருந்தது. பழுப்புக் கோடும் இருந்தது. இதைப் பார்த்தால் அவள் பரீட்சை எழுதமாட்டாள், பெட்டி கட்டுவாள். ஐந்து வருடம் காத்திருந்து கிடைத்த இரண்டு மாதப் பயிற்சி அது.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கணினியில் படத்தைத் திறந்தான். கோட்டை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“அய்யோ, பல்லைப் பாருங்களேன்,” என்று பதில் வந்தது. “தினம் ஒண்ணு அனுப்புங்க.”

தினம் ஒன்று அனுப்புவதில்தான் சிக்கல் ஆரம்பித்தது. நேற்றைய வெள்ளையும் இன்றைய வெள்ளையும் ஒன்றாக இருக்க வேண்டுமே. அதனால் நல்ல பல்வரிசை ஒன்றைத் தனியாக வெட்டி வைத்துக்கொண்டு, வருகிற படத்துக்கெல்லாம் அதையே பொருத்தினான். ஒருநாள் அவசரத்தில் வரிசையைக் கொஞ்சம் இழுத்துவிட்டான் போலிருக்கிறது.

“கடைவாய்ப்பல் அதுக்குள்ள வந்துடுச்சா?” என்று கேட்டாள் மனைவி.

டச்சப் படத்தைப் பார்த்தான். இரண்டு பல் கூடுதலாக இருந்தது.

“ஆமா, நேத்துதான்.”

“ரெண்டும் ஒரே நாள்லயா?”

“போட்டி போட்டுட்டு வந்துச்சு.”

“காய்ச்சல் அடிச்சுதா?”

“லேசா. இப்ப இல்ல.”

“சரி,” என்று மட்டும் பதில் வந்தது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டான்.

அந்த மூச்சை ஸ்டுடியோ முதலாளி பாதியில் நிறுத்தினார். கணினியில் முயல் படத்தைப் பார்த்தவர், “இதுவல்லவா படம்,” என்று சொல்லி, ஆளுயரத்துக்கு அச்சிட்டு வாசல் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார்.

“வேணாம் சார்.”

“ஏன்யா, உம் பொண்ணு தெருவுக்கே தெரியட்டுமே.”

“அது நிஜப் பல் இல்ல சார்.” உண்மையைச் சொல்லிவிட்டான்.

முதலாளி அசரவில்லை. “பால் பல்லுதானே? எப்படியும் விழப்போறது. விழற பல்லுக்கு இவ்ளோ விசாரமா?”

அதற்குப் பிறகு கடையில் பிள்ளைக்குட்டிகள் கூட்டம். “வாசல்ல இருக்கிற பாப்பா மாதிரி எடுத்துக் குடுங்க,” என்று கேட்டு வந்தார்கள். டச்சப் ஒவ்வொரு படமாகத் திறந்து பெரிதாக்கினான். பழுப்புக் கோடு, மஞ்சள் படலம், மூலை கரைந்த பல், கறுப்புப் புள்ளி. மூன்றில் ஒரு பிள்ளைக்கு ஏதோ ஒன்று இருந்தது. எந்தப் பெற்றோரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பணம் கட்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, “பல்லு கொஞ்சம் பாத்துக்கோங்க,” என்றார்கள். அவனும் தலையாட்டி வெள்ளை அடித்துக் கொடுத்தான்.

ஒரு பெண்மணி போகிறபோது நின்று, “வாசல்ல இருக்கிறது உங்க பாப்பாவாமே. என்ன பேஸ்ட் போடுறீங்க?” என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் ஆசையும் இருந்தது, தன் பிள்ளைக்கு ஏதோ குறை வைத்துவிட்டோமே என்ற வாட்டமும் இருந்தது. டச்சப் வாயில் வந்த ஏதோ ஒரு பேஸ்ட்டின் பெயரைச் சொல்லி அனுப்பினான்.

வீட்டிலோ வேறு வேலை காத்திருந்தது. படத்தில் பூசலாம், வீடியோ அழைப்பில் பூச முடியாதே. நெட்வொர்க் சரியில்லை என்று இரண்டு நாள் தள்ளினான். பிறகு முயலுக்குப் புதுச் சிரிப்பு ஒன்று சொல்லிக்கொடுத்தான்.

“அம்மா போன்ல வந்தா எப்படிச் சிரிக்கணும்?”

முயல் உதடுகளை இறுக்கி மூடி, கன்னங்களை உப்பிக் காட்டியது.

“அதேதான் என் தங்கம்.”

அழைப்பு வந்தது. முயல் உதட்டை மூடிக்கொண்டு சிரித்தது. மனைவி முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். “ரொம்ப அடக்கமாயிட்டா போலிருக்கே என் பொண்ணு,” என்றாள். டச்சப், “வளர்றால்ல,” என்றான்.

மனைவியின் பயிற்சி முடிய நான்கு நாள் இருந்தபோது, குழந்தைகள் காப்பகத்து டீச்சர் அவனை வாசலிலேயே நிறுத்தினார்.

“சார், வீட்ல ஏதாவது பிரச்சனையா?”

“இல்லையே. ஏன் மேடம்?”

“பாப்பா சிரிக்கவே மாட்டேங்குது. முன்னெல்லாம் ஊஞ்சல்ல ஏத்தினா இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்கும். இப்ப சிரிப்பு வந்தா கையால வாயைப் பொத்திக்குது. இதை யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல.”

டச்சப்புக்குத் தெரியும்.

முயலைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவன், வீட்டுத் திருப்பத்தில் திரும்பவில்லை. கோட்டை அழிக்கப் போய்க் குழந்தையின் சிரிப்பையே அழித்துவிட்டோம் என்பது அவனுக்கு நடக்க நடக்க உறைத்தது. இரண்டு தெரு தள்ளிப் பல் மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கே போகாததற்கு அவனிடம் காரணம் இருந்தது. அங்கிருந்த மருத்துவரை எல்லோரும் இடி டாக்டர் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளிடம் பூ; பெற்றவர்களிடம் இடி.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே, “பதிவு இல்லன்னா அஞ்சு மணி ஆகும்,” என்றாள். குழந்தையின் பெயரையும் வயதையும் கேட்டுப் பதிவேட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பதிவேட்டோடு டாக்டர் அறைக்குள் போய்விட்டு வந்து, “இவங்க வெளிய வந்ததும் நீங்க போங்க,” என்றாள்.

உள்ளேயிருந்து கதவையும் மீறிக் கேட்டது. “கையில போன் குடுக்கத் தெரியுதுல்ல, பிரஷ் குடுக்கத் தெரியாதா? பிள்ளை பல்லை யார் பாக்கணும், நானா?”

சற்று நேரத்தில் ஆஜானுபாகுவான ஒரு தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி வெளியே வந்தார். டச்சப் முயலை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு உள்ளே போனான்.

“வாங்க, உட்காருங்க,” என்றார் டாக்டர்.

அவ்வளவு மெதுவாக. முயலை அவன் மடியிலேயே படுக்கவைத்து, உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

டச்சப் எல்லாவற்றையும் கொட்டினான். “அம்மா இல்லாம தூங்க மாட்டேன்னுச்சு டாக்டர். வாயில பால் பாட்டிலை வச்சு தூங்க வச்சேன்.”

“ம்.”

“சர்க்கரை போட்டு.”

“ம்.”

“விடியற வரைக்கும் பாட்டில் வாயிலயே இருக்கும்.”

டாக்டரின் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்து, மெல்ல அடங்கியது. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்களைத் தளர்த்திக்கொண்டார்.

“தூங்கும்போது எச்சில் அதிகம் ஊறாது. பால் பல்லு மேலயே தங்கிடும்,” என்றார். “இது ரெண்டு மாசத்துல வந்ததும் இல்ல. முன்னாடியே தொடங்கியிருக்கும். இனிமே தூங்கறப்ப தண்ணி மட்டும். அரிசி அளவு பேஸ்ட், காலைல ஒரு தடவை, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை. சோடா வேணாம். ரெண்டு பல்லையும் சரி பண்ணிடலாம்.”

“பால் பல்லு விழுந்துடும்னு சொன்னாங்க...”

“விழ இன்னும் நாலஞ்சு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் கடிக்கணும், பேசணும், சிரிக்கணும்ல?”

இப்போதுதான் டச்சப்புக்கு உண்மையாகவே பயம் வந்தது. இந்த டாக்டர் இப்படிப் பேசினால் என்ன அர்த்தம்?

“டாக்டர், மறைக்காம சொல்லுங்க. ரொம்ப மோசமா?”

“இல்லையே. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க.”

“அப்ப ஏன் என்னைத் திட்ட மாட்டேங்கறீங்க? வெளிய கேட்டுச்சே, அவரை என்ன வாங்கு வாங்கினீங்க. நான் அவரைவிட மோசம் டாக்டர். நாலு வாரமா இந்தப் பல்லை மறைச்சு வச்சிருக்கேன்.”

டாக்டர் கையுறையைக் கழற்றினார். எதையோ விழுங்குவது போலிருந்தது. “எனக்கும் ஆசைதான்,” என்றார். “என்னால முடியாது. காரணத்தை வெளிய மேசையில கேளுங்க.”

முயல் மருத்துவர் கொடுத்த சின்னக் கண்ணாடியில் தன் பல்லைத் தானே பார்த்து, வாயைப் பொத்த மறந்து சிரித்தது. டச்சப் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

“டாக்டர் உங்ககிட்ட ஏதோ கேக்கச் சொன்னாங்க,” என்றான்.

மேசைப் பெண் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “உங்க பாப்பா பேர்ல ஏற்கனவே பதிவு இருக்கு சார். இந்தச் சனிக்கிழமைக்கு. உங்க வீட்டம்மா மூணு வாரம் முன்னாடி போன் பண்ணாங்க, அப்ப இந்த நாள்தான் காலியா இருந்துச்சு. பக்கத்துல ஒரு குறிப்பும் எழுதிக்கச் சொன்னாங்க.”

“என்ன குறிப்பு?”

அவள் விரலை வரியின்மேல் வைத்து, அங்கே காத்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

“‘பல்லுக்கு வெள்ளை அடிச்சு போட்டோ அனுப்பிட்டிருக்கார். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவார். அவரே ஒருநாள் குழந்தையைத் தூக்கிட்டு வந்து நிப்பார் பாருங்க. வந்தா, தயவுசெஞ்சு அவரைத் திட்டாதீங்க.’”