கட்டைவிரல் சிஸ்டரிடம் சொன்ன பொய்

பிள்ளைகளே, அந்த வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியில் கொரோனாவுக்குப் பயந்தவர்களைவிடக் கட்டைவிரல் சிஸ்டருக்குப் பயந்தவர்கள்தான் அதிகம். தென்னூரில் நான் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது.

கை கழுவும்போது எல்லாரும் கட்டைவிரலை மறந்துவிடுகிறார்கள் என்பது அந்த நர்ஸின் தீராத வருத்தம். அதனால்தான் அந்தப் பெயர். வார்டு வாசல் குழாயடியில் காவல் நிற்பார். ஒருநாள் பெரிய டாக்டரே மாட்டினார்.

"சார், கட்டைவிரலை வீட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

"அவசரம் சிஸ்டர்."

"கிருமிக்கும் அவசரம்தான் சார். திரும்பக் கழுவுங்க."

கழுவினார். பின்னால் நின்ற நாங்களும், யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை கழுவினோம்.

சிஸ்டர் காட்டூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரரின் மாஸ்க் மூக்குக்கு மேலே ஏறும்வரை விடமாட்டார். பச்சை விழுந்து, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக் கதறினாலும் சரி.

அப்பேர்ப்பட்டவர் டீ ரூமுக்குள் வந்தால் வேறு ஆள். ஜன்னலே இல்லாத சின்ன அறை. கவச உடுப்பைக் கழற்றிய நிம்மதியில் மாஸ்க்கையும் கழற்றுவார். எல்லாரையும் நெருக்கி உட்காரவைத்துத் தன் டப்பாவிலிருந்து புளிசாதம் பங்கு போடுவார். நோய் நோயாளியிடம்தான் இருக்கும், நமக்குள் இருக்காது என்று எங்கள் எல்லாருக்கும் ஒரு நினைப்பு.

அட்டெண்டர்களில் பாதிப் பேர் படுத்துவிட்ட ஒரு வாரம், எனக்கும் தொண்டை கரகரத்தது. வெளியே சொன்னால் தெருவைத் தகரம் அடித்து அடைப்பார்கள், என் பிள்ளைகளை முகாமுக்குக் கூட்டிப்போவார்கள் என்று பயம்.

"என்ன பாய், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தூசிங்க சிஸ்டர்."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "சரி, உட்காருங்க. சாப்பிடுங்க."

அடுத்த சில நாளில் இரண்டு பேரும் படுத்தோம். எனக்கு லேசாக வந்து போய்விட்டது. அவருக்கு மூச்சு முட்டியது. நான் வேலைக்குத் திரும்பிய அன்று, அவரை ஐ.சி.யூவுக்குத் தள்ளிக்கொண்டு போனதும் நான்தான்.

"சிஸ்டர், அன்னிக்கு அது தூசி இல்லைங்க."

"தெரியும் பாய்," என்றார், ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து. "உங்களையும் வீட்டுக்கு அனுப்பிட்டா, ஸ்ட்ரெச்சர் தள்ள யாரு இருக்கா?"

அவர் திரும்பி வரவில்லை.

அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், அவரிடம் காது வலிக்கத் திட்டு வாங்கியிருப்பேன். அந்தத் திட்டுக்குத்தான் இப்போதும் ஏங்குகிறேன்.