பெட்டிக்குள் பெய்த மழை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் ஆசியுடன் எழுதிக்கொள்வது. உங்கள் அத்தை சௌக்கியம். நானும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

முதல் விளைச்சல் என்று உங்கள் அம்மா நம்பிக் கொடுத்த மரவள்ளிக் கிழங்கில் முக்கால் மூட்டை பாழ். ஞாயிற்றுக்கிழமை மாவு வாங்கிப் போக வருகிறார்கள். "வெயிலைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம், சம்பந்தியம்மா" என்று அத்தனை பேர் நடுவில் மார்தட்டியவன் நான். இனி எந்த முகத்தோடு கதவைத் திறப்பேன்?

ஆனால் கோளாறு, கிழங்கு உலர்த்த நீங்கள் செய்து கொடுத்த சூரியப் பெட்டியில்தான். கீழே இரண்டு துளை, மேலே இரண்டு துளை. சூடு பிடிக்கக் கண்ணாடி போட்டவர், அது ஓடிப்போக வழியும் வைப்பாரா? உங்கள் மனம் நோகாமல் நானே அடைத்துவிட்டேன். நாணயம் போல் மெல்லிசாக நறுக்கச் சொன்னீர்கள். அது கஞ்சன் வீட்டு அளவு என்று விரல் தடிமனில் நறுக்கினேன். இடைவெளி விட்டுப் பரப்பச் சொன்னீர்கள். தட்டு வீணாகிறதே என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். இவ்வளவு திருத்தியும், மறுநாள் பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் கோத்து கிழங்கின் மேலேயே சொட்டுகிறது. "உள்ள மழை பெய்யுது, கிழங்குக்குக் குடை குடுத்து விடட்டுமா?" என்று உங்கள் அத்தை கேட்க, "சும்மா இரு, வேர்த்தாத்தான் காயும்" என்று நான் அதட்ட, அடுத்த நாள் பச்சையாகப் பூசணம் பூக்க, கீழ்வீட்டுத் தையல்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "ஐயா, மாடில ஏதாவது செத்துக் கெடக்கா?" என்றார். என் மானம்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது.

ஆகவே, வானம் மூடிக் கிடந்தது என்று அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லி, வரவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் எடுத்துப் போய்விடுங்கள்.

நீங்களும் என் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் உங்கள் அம்மாவே வந்துவிட்டார்கள். நேரே மாடிக்குப் போய், துளைகளுக்குள் கைவிட்டு அடைப்பையெல்லாம் உருவி, "சம்பந்தி, இது உங்க பனியனா?" என்றார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். அதில் ஒரு மேகம்கூட இல்லை. மிச்சக் கிழங்கை மெல்லிசாக நறுக்கிப் பரப்பிவிட்டு, என் பனியனையும் துவைத்து, காலியாக இருந்த தட்டில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. அந்தப் பெட்டியில் என்னுடையதாகக் காய்ந்தது அது ஒன்றுதான். பெட்டி இங்கேயே இருக்கட்டும். ஆனால் துளையை நீங்கள் கொஞ்சம் சின்னதாக வைத்திருக்கலாம், பனியன் நுழைந்திருக்காது.