ஏழுக்கு இடுப்புப் பட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் நலம். நீயும் உன் மனைவியும் பாப்பாவும் நலமாக இருக்க என் பிரார்த்தனை. உன் கடிதத்தில் இருந்த நான்கு பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

பாப்பா டாக்டர் பட்டம் வாங்கி எண்பது ஆய்வகங்களுக்கு மனுப் போட்டதில் எழுபத்தொன்பது பேர் வாயே திறக்கவில்லை, என் தெருமுனை ஆய்வகம் மட்டும் ஆராய்ச்சி வேலை தருகிறது, வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இடம் எப்படி என்று விசாரி என்றாய். விசாரிக்க எங்கே போவது? அந்த வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் என் மாடி அறையில்தான் குடியிருந்தார்கள். முதலாமவர் இன்ஜினீயர், படி அதிர நடப்பார். அடுத்தவர் மருத்துவர், காபியில் நாலு கரண்டி சர்க்கரை. இப்போதிருப்பவள் பூச்சி ஆராய்ச்சிக்காரி, வாய் ஓயாது. வேலையில் சேர்ந்த மறுவாரமே மூவரும் ஒன்றுபோலச் சர்க்கரையை விட்டு, பேச்சை விட்டு, பூனைபோல நடந்து, தங்கள் அறைக் கதவைத் தாங்களே மூன்று முறை தட்டிவிட்டுத் திறந்தார்கள். முதல் இருவரும் பெட்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்கள். பூச்சிக்காரிக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. அந்த இடம்தான் பாப்பாவுக்கு.

போன ஞாயிறு அவள் ஆய்வகக் குறிப்பேட்டைச் சாப்பாட்டு மேசையில் விட்டுப் போனாள். பிறர் எழுதியதைப் படிப்பது தவறு, திருத்துவது தவறல்ல என்று பென்சிலோடு உட்கார்ந்தேன். ஒரே நோட்டில் மூன்று பேரும் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். யார் எங்கே முடித்தார், யார் தொடங்கினார் என்றே தெரியவில்லை. ஒரே கையெழுத்து, ஒவ்வொரு ஏழின் நடுவிலும் ஒரு கோடு. ஏழுக்கு இடுப்புப் பட்டை கிடையாது என்று கான்வென்ட் சிஸ்டர் என் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டிச் சொன்னதிலிருந்து நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. அவள் வந்ததும், "நீ வந்து எத்தன நாளாச்சு கண்ணு?" என்று கேட்டேன்.

"நாலு வருஷம் ஆகுதே ஆன்ட்டி."

ஐந்து மாதம்தான்டா ஆகிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தவர் அந்த இன்ஜினீயர்.

நேரே ஆய்வகத்துக்குப் போய்ப் பேராசிரியரைப் பிடித்துக்கொண்டேன். மரியாதையான மனிதர். ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஆணியில் ஒரே வெள்ளைக் கோட். வருகிறவர் எல்லோரும் அதைத்தான் போட வேண்டுமாம். "ஆள் மாறினா ஆராய்ச்சி கெட்டுடும் மேடம். அதனால நாங்க ஆள மாத்தறதே இல்ல," என்றார். அறையில் அப்படியொரு குளிர். நான் நடுங்குவதைப் பார்த்து அந்தக் கோட்டை என் தோளில் போர்த்திவிட்டார். பிறர் உடையை அணிவது ஒழுங்கல்ல என்று உடனே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

பாப்பாவை அனுப்பாதேடா. வேலையில்லாமல் வீட்டில் இருக்கட்டும், அவளாக இருக்கட்டும். எல்லோருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையில் உன் வீட்டு எண் 77 எழுதினேன். இரண்டு ஏழுக்கும் பட்டை எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது, பார். மேலே எழுதியதை விட்டுத்தள்ளு, பாப்பாவை உடனே அனுப்பு. அருமையான இடம். நான் இங்கே சேர்ந்த இந்த நாலு வருஷத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.