ஆதிக்கத்தின் கை

கலைஞன் தன் படைப்பை விளக்கவே கூடாது. சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில், ஒரு திரையிடலில், நாற்பது பேர் முன்னால் இதைக் கற்றுக்கொண்டேன். அந்த நாற்பதில் ஒருவர் என் அம்மா.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அலுவலக வேலையை உதறிவிட்டு வீடியோ கலைஞனாகப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்திருந்தேன். "ஒரு தடவை வந்து பாக்குறேன். அப்புறம் சொல்றேன்," என்றார் அம்மா.

படைப்பின் பெயர் 'குழந்தையின் அகவெளி'. அக்கா மகள் யாழினியின் நெஞ்சில் சின்னக் கேமராவைக் கட்டி, தீபாவளிக்கு முந்தைய வாரம் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீடெங்கும் ஓடவிட்டேன். கிடைத்ததை மங்கலாக்கி, இருபது மடங்கு மெதுவாக்கி, பின்னணியில் 'ஙொய்' என்று ஒரு சத்தமும் சேர்த்தேன். (புரியாமல் இருந்தால்தான் கலை என்று நம்பிய பருவம்.)

திரையில் இருட்டு. சிவப்பு வட்டம் ஒன்று எழுந்தது. மேலிருந்து பெரிய கை ஒன்று இறங்கியது. நான் மைக்கோடு எழுந்து திரையைச் சுட்டினேன்.

"அந்தச் சிவப்பு, குழந்தை மனத்தின் சூரியன். இந்தக் கை, பெரியவர்களின் ஆதிக்கம். மணிக்கட்டில் தெரியும் ஆரஞ்சுக் கோடு ஓர் எச்சரிக்கை!"

முன்வரிசையில் ஆறு வயது யாழினி எழுந்து நின்றாள்.

"மாமா, அது சன் இல்ல லா. முறுக்கு டப்பா மூடி. நான் பாம் ஷெல்டர்ல ஒளிஞ்சு விளையாடினேன்ல, அப்ப நீங்க வந்து சாப்பிட்டீங்க."

பாம் ஷெல்டர் என்பது போர் வந்தால் பதுங்குவதற்காக வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் அறை. அம்மா அதில் பலகாரம் வைப்பார். அந்த வருடம் சம்பந்தி வீட்டுக்கென்று வைத்த முறுக்கு பாதியாகிவிட, பழி அக்காவின் கணவர், அத்தான் மேல் விழுந்தது. அந்த நல்ல மனிதர் தீபாவளியன்று அம்மாவின் பார்வைக்குப் பயந்து ஒரு பலகாரத்தையும் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னவன் நான்தான். (தின்றது நினைவிருந்தது. உள்ளே கேமரா இருந்தது தெரியாது. மங்கலாக்கியதில் என் கை எனக்கே அடையாளம் தெரியவில்லை.)

நாற்பது பேரும் திரையைச் சுட்டிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார்கள். அதில் அதே ஆரஞ்சு வாட்ச். இருபது மடங்கு மெதுவாக ஓடியதால், நான் திருடி முடிக்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

ரயிலில் அம்மா என் வாட்சையே பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். இறங்கும்போது சொன்னார்: "வேலைய விடறதுன்னா விடு. உன் படம் உண்மையத்தான் காட்டுது. நீதான் குறுக்க பேசுற. முதல்ல அத்தான்கிட்ட போய் மன்னிப்பு கேளு."

மறுநாளே பிடோக்கில் அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அத்தானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இப்போது நான் முழுநேரக் கலைஞன். யாழினி உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அத்தான் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு தின்கிறார், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் அந்தப் பக்கம் கையை நீட்டினால் போதும், "ஆதிக்கம் வருது, மூடுங்க!" என்று வீடே கத்துகிறது.