தலைவர் பிடித்த ஆள்

"டீயில சர்க்கரை ஜாஸ்தி" என்று பூட்டிய பதிவேட்டு அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

நகராட்சித் தலைவருக்குச் சுருக்கென்றது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரைக் கைது செய்திருக்கிறார். அந்த ஆள் அழவேண்டாமா, காலில் விழவேண்டாமா? டீக்குக் குறை சொல்கிறாரே!

தலைவர் பதவிக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. திருட்டை ஒழிப்பேன் என்று மேடை மேடையாக முழங்கி ஜெயித்தவர். ஜெயித்த சூட்டோடு துப்பாக்கிக்கு உரிமமும் வாங்கிவிட்டார். ஆனால் அதை இடுப்பில் செருகிக்கொண்டு வந்த முதல் நாளே அலுவலக மேலாளர் அம்மா வாசலில் மறித்துவிட்டார். கட்டடத்துக்குள் ஆயுதம் கூடாதாம், தலைவரானாலும் கூடாதாம். அன்றிலிருந்து துப்பாக்கி வீட்டு அலமாரியில் தூங்கியது. வெறும் தோல் உறை மட்டும் கெத்துக்காக இடுப்பில் தொங்கியது. அது தொளதொளவென்று ஆடாமலிருக்க உள்ளே மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்திருந்தார்.

இன்று காலை பத்தரை மணிக்குக் கடைவீதி முனையில் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க நடந்து போனார். தலைவர் உறையைத் தட்டி, "நில்லு! கையைத் தூக்கு!" என்றார்.

அந்த ஆள் ஒரு கையை மட்டும் தூக்கினார்.

"இன்னொரு கை?"

"அதை விட்டா பேன்ட் அவுந்துடும்ங்கய்யா. பெல்ட் போடல."

இப்படித்தான் அந்த ஆள் பதிவேட்டு அறைக்கு வந்து சேர்ந்தார்.

வெளி வேலை முடிந்து வந்த மேலாளர் அம்மா, பூட்டைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு உள்ள வெச்சீங்க தலைவரே?"

"நான் யாரைக் கேக்கணும்? ஊருக்கே தலைவர் நான்."

"ஊருக்குத்தான் தலைவர். போலீசுக்கு இல்லையே." அம்மா தடிமனான சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். "தெருவுல திரியற மாட்டைப் பிடிச்சு அடைக்கலாம், உங்களுக்கு அதிகாரம் இருக்கு. நாயைப் பிடிக்கணும்னா தீர்மானம் போடணும். மனுஷன் இந்தப் பட்டியல்லயே இல்லை."

"சரி, சட்டைப் பையையாவது சோதனை போட்டுப் பாத்துடறேன்."

"அதுக்கும் அதிகாரம் இல்லை."

தலைவர் தன் மேசைக்கு ஓடினார். இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார்.

"சார், ஒரு சந்தேகம். என் நண்பர் ஒருத்தர், பக்கத்து ஊர்த் தலைவர்... சந்தேகத்துல ஒரு ஆளைப் பிடிச்சு வெச்சுட்டாராம்."

"வெறும் சந்தேகத்துலயா? அப்போ பிடிச்சவர்தான் சார் உள்ள போவார்" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த ஆள் ஒரு புகார் கொடுத்தாப் போதும். பதவி போயிடும். துப்பாக்கியைக் காட்டி மிரட்டியிருந்தா உரிமமும் போயிடும். யாரு சார் அந்த நண்பர்?"

"அவர் இப்போ ஊர்ல இல்லை" என்று சொல்லிப் போனை வைத்தார் தலைவர். ஆறு வாரப் பதவி கண்முன்னே ஆட்டம் காண்பதை உண்மையிலேயே பயத்தோடு பார்த்தார். பெயர்ப்பலகைக்கு அடித்த பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை.

ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார். "நீங்க போகலாங்க. சின்னத் தப்பு நடந்துபோச்சு."

அந்த ஆள் நாற்காலியை விட்டு அசையவில்லை. நடுச்சுவர் வெறும் பலகைதான். போனில் பேசிய அத்தனையும் அவர் காதில் விழுந்திருந்தது. போதாக்குறைக்கு மடியில் ஒரு பதிவேடு வேறு விரிந்திருந்தது.

"இதென்னங்க தலைவரே, கடைசிப் பக்கத்துல?" என்று உரக்கப் படித்தார். "'பிடித்த இடம்: கடைவீதி. நிறம்: மாநிறம். கொம்பு: இல்லை. கறவை: தெரியவில்லை.'"

மேலாளர் அம்மா மெல்லத் தலைவர் பக்கம் திரும்பினார்.

"எதையும் முறைப்படி செய்யணும்னுதான்..." என்று இழுத்தார் தலைவர். "அடைச்சு வெச்சா எழுதறதுக்கு நம்மகிட்ட மாட்டுப் பதிவேடு மட்டும்தானே இருக்கு?"

"என்னை மாடுன்னு எழுதியிருக்கீங்க! இதுக்குத் தனி கேஸ்!"

தலைவர் பாய்ந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தார்.

"ஐயோ, பக்க எண் போட்ட பதிவேடு தலைவரே! கிழிச்சா அது வேற குற்றம்!" என்றார் அம்மா.

கிழித்ததைப் பசை போட்டு ஒட்டினார்கள். அதன் குறுக்கே 'மேற்கண்டவர் மாடு அல்லர்' என்று எழுதி, பழக்கதோஷத்தில் தலைவர் கையெழுத்தும் போட்டு முத்திரையும் குத்திவிட்டார். குத்திய பிறகுதான், ஒரு மனிதரை அடைத்து வைத்ததற்குத் தானே சாட்சி எழுதிவிட்டது அவருக்கு உறைத்தது. பக்கத்தை மறுபடியும் கிழிக்கப் போனவரை அம்மா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அண்ணே" என்றார் தலைவர். 'நில்லு, தூக்கு' எல்லாம் போய் அண்ணனாகிவிட்டார் அந்த ஆள். "நான் புள்ளகுட்டிக்காரன். புகார் கிகார்னு போயிடாதீங்க. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

அந்த ஆள் நெற்றியைச் சொறிந்தார். "புகார் கொடுக்க எனக்கு மட்டும் ஆசையாங்க? ஒன்பது மணிக்கு நான் வேலையில இருக்கணும். முதலாளி ஒரு மாதிரி. இங்கதான் இருந்தேன்னு ஒரு கடிதம் கொடுத்தீங்கன்னா, நானும் எல்லாத்தையும் மறந்துடறேன்."

"அவ்வளவுதானே!"

"ஒன்பதிலேர்ந்து இருந்தேன்னு போடுங்க. பத்தரைன்னு போட்டா அதுக்கு முன்னாடி எங்க போனேன்னு குடைவார்."

"தலைவரே, நேரத்தை மாத்தி எழுதாதீங்க" என்றார் அம்மா.

"நீங்க சும்மா இருங்கம்மா. மாடுன்னு எழுதினதைவிட இது எவ்வளவோ தேவலை."

தலைவரே எழுதினார். 'இவர் இன்று காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரை என் விருந்தினராக என்னோடு அமர்ந்து நகர வளர்ச்சி பற்றி ஆலோசனை நடத்தினார். இடையில் ஒரு நிமிடமும் வெளியே செல்லவில்லை.' கடைசி வரி அந்த ஆள் கேட்டுச் சேர்த்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நகல் ஒன்று எடுத்துக் கோப்பிலும் வைத்தாயிற்று.

வாசல்வரை வந்து கும்பிட்டார் தலைவர். அந்த ஆள் ஒரு கையால்தான் பதிலுக்குக் கும்பிட்டார், பாவம், பேன்ட். பஸ் நிலையம்வரை அவரை அலுவலகக் காரிலேயே அனுப்பிவைத்தார்கள்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பதவி தப்பியது. அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம்தான். இன்ஸ்பெக்டரின் ஜீப் வாசலில் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து வாயைத் திறப்பதற்குள் தலைவர் முந்திக்கொண்டார். "சார், இங்க யாரையும் யாரும் கைது பண்ணல. விருந்தாளி ஒருத்தர் வந்திருந்தார், பேசிட்டுப் போயிட்டார். இந்தாங்க நகல், நீங்களே படிச்சுப் பாருங்க. இதுல இருக்கற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் ஒன்றும் புரியாமல் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

"நான் வந்தது வேற விஷயம் சார். காலையில ஒன்பதரைக்கு உங்க வீட்டுப் பூட்டை உடைச்சு அலமாரியிலேர்ந்து துப்பாக்கியை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

தலைவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?"

"பக்கத்து வீட்டம்மா மாடியிலேர்ந்து போட்டோ எடுத்திருக்காங்க." இன்ஸ்பெக்டர் செல்போனை நீட்டினார். படத்தில் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தவரை மேலாளர் அம்மாவுக்கும் தெரிந்தது.

"இவன்தான்! இப்பத்தான் சார் போறான், பஸ் நிலையத்துக்கு! விடாதீங்க, உடனே பிடிங்க!" என்று அலறினார் தலைவர்.

அதற்குள் கடிதத்தைப் படித்து முடித்திருந்த இன்ஸ்பெக்டர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பிடிச்சு என்ன சார் பண்றது? துப்பாக்கி திருடு போன நேரத்துல, ஒரு நிமிஷம்கூட வெளிய போகாம உங்ககூடவே இருந்தார்னு அவருக்குச் சாட்சியே நீங்கதானே!"