குமாஸ்தா ஜெயித்த வழக்கு

வக்கீல் குமாஸ்தா அன்று காலை ஒரு முடிவோடு எழுந்தார். ஷெட்டில் நிற்கும் ஜீப்பை யார் சொன்னாலும் நகர்த்துவதில்லை. யார் சொன்னாலும் என்றால், மனைவி சொன்னாலும்.

மனைவி தையல்காரி. ஹாலில் மூன்று மெஷின் ஓடின. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் நூல் விழுந்தது. அவளுக்கு ஷெட் வேண்டும். அவருக்கு ஜீப் வேண்டும். எஞ்சின் செத்துப் பல வருஷமான ஜீப்தான். ஆனால் மேடு பள்ளம் பாராமல் அப்பா ஓட்டிய வண்டி. ஸ்டியரிங் முன்னால் சும்மா உட்கார்ந்தாலே அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அவள் சண்டை போடவில்லை. சட்டைக்குக் காஜா எடுத்தபடியே சொன்னாள்.

“மாமா வண்டின்னா நான் ஏன் தொடப் போறேன்? இது மாமா வண்டியே இல்லைங்க.”

“என்ன சொல்றே நீ?”

“கல்யாணத்தப்போ நான் பார்த்தது பச்சை. இது சாம்பல். எந்த இரும்புக்கடையில பிடிச்சீங்களோ. நிரூபிங்க, அப்புறம் நான் வாயே திறக்கல.”

கூடவே குடித்தனம் பண்ணுகிறவள் இப்படிக் கேட்கிறாளே என்று அவர் யோசித்திருக்கலாம். நிரூபிக்கச் சொன்னால் குமாஸ்தாவுக்கு யோசனை ஓடாது. நேரே ஷெட்டுக்கு அழைத்துப் போனார். சாவியால் கதவோரம் சுரண்டினார். சாம்பலுக்குக் கீழே பச்சை எட்டிப் பார்த்தது.

“இது என்ன?”

“பச்சை வண்டி ஊர்ல ஆயிரம் ஓடுது.”

“கியர் குமிழைப் பார். உடைஞ்சதும் அப்பா பீரோ கைப்பிடியைத் திருகி வெச்சார். பீரோ கைப்பிடி போட்ட வண்டியும் ஆயிரம் ஓடுதா?”

“கடைக்காரன் வெச்சிருப்பான்.”

“மட்கார்டு நசுங்கியிருக்கே? எங்க வீட்டு கேட்ல அப்பா இடிச்சது. நான் பின்சீட்ல இருந்தேன். நெத்தியில தழும்பு இருக்கு, தடவிப் பார்.”

தடவிப் பார்த்தாள். “அப்போ சத்தியமா மாமா வண்டிதான்?”

“எந்தக் கோர்ட்லயும் சொல்வேன்.” உரக்கவே சொன்னார்.

அவள் ஷெட் சன்னல் பக்கம் திரும்பினாள். “கேட்டுச்சா அண்ணி?”

சன்னலுக்கு வெளியே குமாஸ்தாவின் அக்கா நின்றிருந்தாள். அப்பா இந்த ஜீப்பைத் தருவதாகச் சொல்லியிருந்தது அக்காவுக்குத்தான். அவர் கண்மூடிய பிறகு அக்கா வந்து கேட்டபோது, “அது எப்பவோ இரும்புக்கடைக்குப் போயிடுச்சுக்கா, இது வேற வண்டி” என்று கூசாமல் சொன்னவர் தம்பி. அதற்காகவே அக்கா வருவதற்கு முந்தின நாள் சாம்பல் பெயின்ட் அடித்தவரும் அவரே.

“பச்சை நல்லாத்தானே இருந்துச்சு தம்பி,” என்றாள் அக்கா. “பெயின்டுக்கு வேற எதுக்கு வீண் செலவு?”

குமாஸ்தா வாயைத் திறந்தார். வேறு வண்டி என்றால் மனைவி இரும்புக்கடைக்கு அனுப்புவாள். அப்பா வண்டி என்றால் அக்கா கொண்டுபோவாள். கையிலிருந்த சாவியை அக்காவிடம் நீட்டினார்.

தெருமுனையில் இழுவை லாரி தயாராக நின்றது. அக்கா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். குமாஸ்தா பின்னாலிருந்து தள்ளினார். அளவு நாடாவோடு ஷெட்டுக்குள் போன மனைவி, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“பார்த்துத் தள்ளுங்க. மாமா வண்டி.”