இரண்டாம் சாவிப் படலம்

வாழ்க ரேலீன்! பஸ்ஸல்டன் நகரின் தென்கோடியில், சிவப்புச் செங்கல் வீடொன்றைத் தலைநகராகக் கொண்டு, இருபத்தாறு ஆண்டுகள் தோல்வியின் முகமே காணாமல் கோலோச்சிய கோமகளே! வாழ்நாளில் ஒரு குண்டூசியையும் தொலைத்தறியாத குலவிளக்கே! உன் கொடி பறந்த விதத்தையும், அது ஒரு சனிக்கிழமைக் காலையில் கம்பத்தோடு ஆடிய விதத்தையும் இங்கே சொல்லப் புகுகிறோம்.

அவளுடைய ஆட்சியின் அடித்தளம் ஒரே ஒரு கேள்வி. அவள் கணவன் வாரிக் வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இரும்புச் சுரங்கத்தில் மலையளவு லாரி ஓட்டுபவன். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். வீட்டிலிருக்கும் அந்த ஏழு நாளும் விருந்தாளியைப் போல இழுப்பறைகளின் முன் திகைத்து நிற்பான். "ரே, அது எங்க இருக்கு?" என்பான். அவள் தலையைக்கூடத் தூக்காமல் தீர்ப்பு வழங்குவாள். மீன் அறுக்கும் கத்தி கராஜில், இரண்டாவது இழுப்பறை. வெயில் கண்ணாடி அவன் தலையிலேயே. சைக்கிள் பம்ப் துவைக்கும் அறையின் மேலலமாரியில், இடது மூலை. அந்தத் தீர்ப்புகள் ஒருநாளும் பொய்த்ததில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிற ஆணுக்கு அவ்வீட்டின் வரைபடமே அவள்தான். அவன் போன பிறகு, அடுப்படியில் தனியாக நிற்கையில், இவன் திரும்பி வருவது என்னிடமா, அந்த வரைபடத்திடமா என்று சில சமயம் அவளுக்குத் தோன்றும். தோன்றியதும் எதையாவது எடுத்து அடுக்கத் தொடங்கிவிடுவாள்.

இத்தகையவளின் கோட்டைக்குள்தான் பதினோரு வாரங்களுக்கு முன் பேரிடி விழுந்தது. காரின் இரண்டாவது ரிமோட் சாவி, அவள் பொறுப்பில் இருந்த சாவி, காணாமல் போயிற்று.

சொன்னாளா? சொல்லவில்லை. பகைவன் அறியாமல் படைதிரட்டும் அரசியைப்போல், வாரிக் சுரங்கத்தில் இருந்த வாரங்களில் மெத்தைகளைப் புரட்டினாள், உறைபெட்டியின் அடியாழத்தில் பட்டாணிப் பொட்டலங்களைக் குலைத்தாள், டஸ்டி என்னும் நாயின் கூடையை அதன் கண்ணெதிரே கவிழ்த்தாள். அவன் வீட்டிலிருந்த வாரங்களிலும் போர் ஓயவில்லை. ஒருநாள் சோபா தலைகீழாகக் கிடக்கையில் அவன் வாசலில் வந்து நின்றுவிட்டான்.

"எதாவது தேடறியா, ரே?"

"கூட்டறேன்."

"சோபாவக் கவுத்துப் போட்டா?"

"அப்பதான் சுத்தமாகும்."

அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். அதை அவள் தன் வெற்றிகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

இனி அந்தச் சனிக்கிழமை. கீழ்வானம் வெளுக்கும் வேளையில் வாரிக் விமான நிலையம்வரை தானே ஓட்டிச்சென்று, எஞ்சினை அணைக்காமலே இறங்கினான், பையை எடுத்தான், முத்தமிட்டான், ரேலீன் ஓட்டுநர் இருக்கைக்கு மாறினாள். கதவு சாத்தியதும் வண்டி மூன்றுமுறை கீச்சிட்டது. எதற்கும் கீச்சிடும் வண்டி அது: இருக்கைப் பட்டைக்கு, குளிருக்கு, பின்னிருக்கையில் வைத்த தர்பூசணிக்கு. அவள் பொருட்படுத்தவில்லை; வழக்கம்போல், அவன் விமானம் ஓடுபாதைக்கு வரும்வரை வண்டியிலேயே காத்திருந்துவிட்டுக் கிளம்பினாள். முதல் சிக்னலில் நின்றபோதுதான் முகப்புத் திரையில், அசரீரியைப்போல், அவ்வாசகம் ஒளிர்ந்தது: சாவி வண்டிக்குள் இல்லை. அதே நொடியில் அவள் தலைக்கு மேலே, பேரிரைச்சலோடு, அச்சாவியைத் தன் கால்சட்டைப் பையில் சுமந்த வாரிக்கைச் சுமந்த விமானம் வடக்கு நோக்கிப் பறந்தது.

பொத்தானை அழுத்தினால் உயிர்பெறும் வண்டி அது. சாவி அருகில் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை அணைந்தால் சாவியின்றி எழாது. நாளை காலை ஆறு மணிக்கு எட்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனைச் சமையலறையில் அவள் இருந்தாக வேண்டும். பெட்ரோலோ, வாரிக் விட்டுப்போகும் வழக்கப்படி, சிவப்புக் கோட்டில் தவழ்ந்துகொண்டிருந்தது. எஞ்சினை அணைக்காமல் பெட்ரோல் ஊற்ற எவரும் விடமாட்டார்கள். ஆகவே, அணையா விளக்கைக் கைகளால் பொத்திக் காப்பவளைப்போல, அவ்வண்டியை வீடுவரை நடத்திவந்து, முற்றத்தில் உறுமவிட்டு, அதனருகே டஸ்டியைக் காவல் கட்டி, வீட்டுக்குள் புகுந்தாள் வீராங்கனை. தொட்டியில் உள்ள பெட்ரோல் தீர்வதற்குள் இரண்டாம் சாவியை மீட்டால், பதினோரு வாரப் பொய்யும் மெய்யாகிவிடும். அவளும் பழைய ரேலீனாகவே இருப்பாள். மீட்காவிட்டால், சாவி எங்கே என்று அறியாத ஒருத்தி இந்த வீட்டில் இருப்பாள். அவள் யாரென்று ரேலீனுக்குத் தெரியாது.

அதன்பின் நிகழ்ந்தது போரன்று, பிரளயம். சமையலறை இழுப்பறைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. குளிர்காலக் கோட்டுகளின் பைகள் குடல் சரிந்து தொங்கின. நாய்த்தீனி மூட்டை வாய் பிளந்து கூடமெங்கும் உதிர்ந்தது. கராஜின் தூண்டில் பெட்டிகளை அவள் வரிசையாகத் திறக்கையில், வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு பெரில், எழுபது வயது ஒற்றர் படைத்தலைவி, தேநீர்க் கோப்பையோடு தோன்றினாள்.

"என்னம்மா ரேலீன், வண்டி ஒரு மணி நேரமா உறுமிட்டே நிக்குது. பேங்க் கொள்ளை அடிக்கப் போறியா?"

"பேட்டரி சார்ஜ் ஆகணும், பெரில்."

"வண்டிக்கா, உனக்கா?" என்று கேட்ட பெரில், உள்ளே போகாமல் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அரங்கத்துக்குப் பார்வையாளரும் வந்தாயிற்று.

எட்டரை மணிக்கு, சிதறிய தீனியின் நடுவே மண்டியிட்டிருந்தவளின் கைப்பேசி முழங்கியது. வாரிக்.

"ரே, இறங்கிட்டேன். கார் சாவி என் பாக்கெட்லயே வந்துருச்சு."

"பரவால்ல," என்றாள் ரேலீன், வாளேந்தி நிற்பவளின் நிதானத்தோடு. "அதான் இன்னொன்னு இருக்கே."

மறுமுனையில் காற்று இரைந்தது. லாரி ஒன்று பின்னோக்கி வரும் ஒலி கேட்டது. பிறகு அவன், இருபத்தாறு ஆண்டுகளாகக் கேட்ட அதே குரலில், அதே கேள்வியைக் கேட்டான்.

"எங்க இருக்கு?"

எத்தனை ஆயிரம் முறை தடுத்த அம்பு! இன்று அதைத் தடுக்கக் கேடயம் இல்லை. அவள் வாய் திறந்தாள். கராஜ், இழுப்பறை, மேலலமாரி என்று சொற்கள் வரிசையாக வந்து உதட்டில் நின்றன, எதுவும் பொருந்தவில்லை. வெளியே எஞ்சின் இருமத் தொடங்கியிருந்தது.

"தெரியல," என்றாள். "தொலைச்சுட்டேன், வாரிக். பதினோரு வாரமாச்சு."

சொன்னபின் கூரை இடியவில்லை என்பதைக் கவனித்தாள். முழங்கால் வலித்தது, அவ்வளவுதான்.

"இங்கதான் இருக்கு," என்றான் அவன், மிகவும் தணிந்து. "ரெண்டும். மீன் பிடிக்கப் போறப்ப போடற ஜாக்கெட்ல கெடந்துச்சு. நான்தான் அதுல போட்டு மறந்திருக்கேன் போல. மறு வாரமே பாத்துட்டேன்."

"பாத்துட்டு?"

"நீ கேப்பேன்னு இருந்தேன். ஒரு தடவையாவது எங்கிட்ட எதாவது எங்க இருக்குன்னு கேப்பேன்னு."

சோபா கவிழ்ந்த அன்று வாசலில் நின்றவனை அவள் நினைத்துக்கொண்டாள். எத்தனை ஆண்டுகளாக அவன் தன் வீட்டுக்குள்ளேயே வழி கேட்டு நின்றிருக்கிறான்! பத்து வாரம் ஒரு சாவியை ஒளித்து வைத்தவனைத் திட்டுவதற்கு வேண்டிய சொற்கள் அனைத்தும் அவளிடம் தயாராக இருந்தன. எந்தெந்தச் சொல் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். அவற்றை இருந்த இடத்திலேயே விட்டாள்.

"நாளைக்கு வேலைக்கு சைக்கிள்லதான் போகணும்," என்றாள். பிறகு, வென்ற நாடனைத்தையும் ஒரே சொல்லில் தானம் செய்யும் வேந்தரைப்போல், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்: "வாரிக், பம்ப் எங்க இருக்கு?"

ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மனிதன் நிமிர்ந்து நின்றது இங்கே கேட்டது.

"ஷெட்ல," என்றான், எள்ளளவும் ஐயமின்றி. "புல்வெட்டி மெஷினுக்குப் பின்னாடி. போனதும் கண்ணுல படும்."

"சரி. நல்லவேளை, கேட்டேன்."

ரேலீன் போய்க் காரை அணைத்துவிட்டு, துவைக்கும் அறையின் மேலலமாரியிலிருந்து பம்பை எடுத்தாள்.